நான் அடித்த சொல்

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கட்டுரை நோட்டில் எழுதிய சரியான தமிழ்ச் சொல்லைத் தவறு என்று சிவப்பு மையால் அடித்தேன். அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டி மற்ற பிள்ளைகளைச் சிரிக்க வைத்தேன். தவறு என்னுடையது என்று சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. குற்றச்சாட்டு இவ்வளவுதான். முதலில் நடந்தது அறியாமை. அதை யாராவது மன்னிக்கக்கூடும். பிறகு நடந்தது வேறு. அதைத்தான் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கடலூருக்கு அருகே திருவந்திபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள் வந்து படிக்கும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளியின் பெயர் வேண்டாம். பிழை பள்ளியுடையது அல்ல. ஆறு முதல் பத்து வரை எல்லா வகுப்புகளுக்கும் பாடம் எடுத்திருக்கிறேன். பிள்ளைகளும் ஊராரும் என்னைத் 'தமிழய்யா' என்பார்கள். கடைத்தெருவில் அப்படி யாராவது கூப்பிட்டால் நடையே மாறிவிடும் எனக்கு. அந்தப் பெயரின் மேல் எனக்கு அளவு கடந்த ஆசை. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அந்த ஆசைதான் வேர்.

பிள்ளைகளுக்குச் சொல்வளம் ஊட்டுவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். பாடநூலில் செய்யுளுக்குக் கீழே 'சொல்லும் பொருளும்' என்று ஒரு பகுதி வரும். அதைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். வீட்டில் ஐந்து முறை எழுதி வர வேண்டும். வெள்ளிக்கிழமை தேர்வு. தப்பினால் இருபது முறை. என் வகுப்பில் ஒரு மதிப்பெண் வினாக்களை யாரும் விட்டதில்லை. தலைமையாசிரியருக்கு மகிழ்ச்சி. எனக்கு அதைவிட மகிழ்ச்சி.

இந்த முறைக்குப் பரம்பரைப் பெருமை வேறு கற்பித்துக்கொண்டேன். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்யவில்லையா, அப்படித்தானே தமிழ் வளர்ந்தது என்று ஆசிரியர் அறையில் வாதாடுவேன். பாதி உண்மை. மண்டலபுருடரின் நிகண்டை நெட்டுருப் போட்ட பிள்ளை அதோடு நிற்கவில்லை. அடுத்து அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று போனான். மனப்பாடம் செய்த சொல் அங்கே மறுபடி மறுபடி எதிர்ப்பட்டது. என் பிள்ளைகளுக்கோ வெள்ளிக்கிழமை தாண்டினால் அந்தச் சொல்லோடு எந்த வேலையும் இல்லை. 'புரவி என்றால் என்ன?' என்று கேட்டால் 'குதிரை' என்று கத்துவார்கள். அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல் என்றால் விழிப்பார்கள். அந்த விழிப்பை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனேன்.

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் மறதியை அளக்க விரும்பினார். பொருளே இல்லாத அசைகளை உண்டாக்கி, தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து, 1885இல் நூலாக வெளியிட்டார். பொருள் இருந்தால் அது நினைவுக்குக் கைகொடுத்துவிடும் என்றுதான் பொருளற்றதைத் தேடிப் போனார். நான் செய்தது நேர் எதிர்வேலை. பொருளுள்ள சொற்களைப் பொருளற்ற அசைகளாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். இதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்கு எனக்கு என் முறைமேல் சந்தேகமே இல்லை.

திருவந்திபுரத்துப் பக்கம் பாடம் எடுப்பவன் வேதாந்த தேசிகரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஔஷதகிரிக் குன்றின் மேல் கல்வித் தெய்வமான ஹயக்ரீவர் இருக்கிறார். பொதுத்தேர்வு நெருங்கினால் கடலூர், பண்ருட்டி, புதுச்சேரியிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பேனாவோடு படியேறுவார்கள். கீழே தேவநாதசுவாமி. வேதாந்த தேசிகர் இந்த ஊரில் பல காலம் இருந்து அந்தத் தேவநாதனைச் சம்ஸ்கிருதத்தில் பாடினார், தமிழில் பாடினார், பிராகிருதத்திலும் பாடினார். சம்ஸ்கிருத நாடகங்களில் பெண்களுக்கும் வேலையாட்களுக்கும் ஒதுக்கிய மொழி பிராகிருதம். பெரும் பண்டிதர் அதில் நூற்றொரு பாட்டு எழுதி 'அச்சுத சதகம்' என்று பெயர் வைத்தார். இந்தக் கதையை ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்வேன். மஞ்சக்குப்பத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஜெயகாந்தனையும் சேர்த்துக்கொள்வேன். தெருவில் கேட்ட பேச்சை அவர் எப்படி எழுத்தாக்கினார் என்று மெய்ம்மறந்து பேசுவேன். அதே வாயால்தான் அந்தப் பையனைப் பேசினேன்.

2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் மழையில் மூழ்கியது. 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த மாவட்டம்தான். இருந்தாலும் இந்த மழை வேறு மாதிரி வந்தது. விட்டு விட்டு, வாரக்கணக்கில் பெய்தது. கெடிலம் இரு கரையும் புரண்டது. பள்ளிக்கு நாள் கணக்கில் விடுமுறை. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பள்ளி திறந்ததும், பிள்ளைகளை ஏதாவது எழுத வைப்போம் என்று 'நான் கண்ட மழை' என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன்.

எல்லா நோட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மழை இயற்கையின் கொடை, அளவுக்கு மீறினால் சீற்றம், அரசு நிவாரணம் தந்தது, மரம் நடுவோம். கோனார் உரைநூலின் வாடை. நடுவில் அவன் நோட்டு வந்தது. கையெழுத்து கோணல். ஒற்றுப்பிழை நிறைய. வெள்ளம் வடிந்த பிறகு அப்பாவோடு வயலுக்குப் போனதை எழுதியிருந்தான். பூ எடுக்கும் நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. கதிர் வெளியே வந்திருக்கிறது, ஆனால் தலை சாயவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாக நிற்பதுபோல இருக்கிறது. அப்பா ஒரு கதிரை உருவிக் கையில் வைத்து ஊதினார். கையில் ஒன்றும் இல்லை. 'எங்கள் நெல் முழுவதும் சாவியாகிவிட்டது' என்று முடித்திருந்தான்.

இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன். அந்த அடுக்கு நோட்டில் கண்ணால் பார்த்து எழுதிய கட்டுரை அது ஒன்றுதான். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒற்றுப்பிழையும் அந்தக் கடைசிச் சொல்லும்தான். அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டேன். குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். 'பதர்' என்று மேலே எழுதினேன்.

ஏன் அப்படி என்று கேட்பீர்கள். நான் தனித்தமிழ்ப் பற்றுக்காரன். பெருஞ்சித்திரனார் 'தென்மொழி' தொடங்கிய கடலூர்க்காரன் என்று மார்தட்டிக்கொள்பவன். அந்த ஆண்டுதான் அதே வகுப்பில் அயற்சொற்களின் பட்டியல் போட்டிருந்தேன். மேசை, அலமாரி, சன்னல், சாவி. நான்கும் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தவை, சாவி என்று சொல்லாதே, திறவுகோல் என்று சொல். அந்தச் சாவி ஒன்றுதான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத இன்னொரு சாவி தமிழில் இருக்க முடியும் என்ற எண்ணமே வரவில்லை. தெரியாதது என் பக்கம் இருக்கும் என்று நினைக்கப் பழகவில்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவனை எழுப்பி நிற்க வைத்தேன்.

“இவங்க வீட்டு நெல்லு சாவியாயிடுச்சாம். பூட்டு எங்கடா? பத்தாயத்துலயா, பீரோவுலயா?”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. நான் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றேன். நகைச்சுவைக்குக் கிடைத்த பாராட்டை வாங்கிக்கொள்வதுபோல நின்றேன்.

அவன் உட்காரவில்லை. “இல்லய்யா, இது வேற சாவிய்யா. எங்கப்பா சொல்வாரு” என்றான். எதிர்த்துப் பேசுகிற குரல் இல்லை. எனக்கு ஒன்றை விளக்கிச் சொல்ல முயன்ற குரல். அந்த நொடியில் நான் 'அப்படியா, என்ன சாவி அது?' என்று கேட்டிருந்தால் போதும். ஒரு கேள்வி. சொல் கற்பிக்கிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நான் கேட்டது வேறு.

“உங்கப்பா சொல்றதெல்லாம் தமிழாயிடுமாடா? அகராதியில இருக்கா?”

அவன் உட்கார்ந்தான். 'பதர்' என்று ஐம்பது முறை எழுதி வரச் சொன்னேன். மறுநாள் எழுதி வந்தான். கையொப்பமிட்டேன்.

ஆசிரியர் அறையில் இதை வேடிக்கையாகச் சொன்னேன். கணக்கு டீச்சர் சிரிக்கவில்லை. “சாவின்னா சாவிதானே சார். எங்க ஊட்லயும் அப்டித்தான் சொல்லுவாங்க” என்றார். அவர்களும் விவசாயக் குடும்பம். கொச்சை என்று சொல்லி மழுப்பினேன். ஆனால் உறுத்தல் வந்துவிட்டது. என் பக்கம் சரி என்று நிறுவுவதற்காகவே நூலகத்துக்குப் போனேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை எடுத்தேன். 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த பேரகராதி. பையனிடம் 'அகராதியில் இருக்கா' என்று கேட்டேனே, அந்த அகராதி.

இருந்தது. போர்ச்சுகீசியச் சாவி ஓரிடத்தில். வாடிய பயிரைக் குறிக்கும் சாவி தனிச் சொல்லாக இன்னோரிடத்தில். சாதல் என்ற வினையிலிருந்து வந்தது. செத்த பயிர், அதனால் சாவி. எத்தனை தூய்மைவாதி வந்து கேட்டாலும் அசைக்க முடியாத தமிழ். நான் திருத்தமாக எழுதிக் கொடுத்த 'பதர்' பொருத்தமும் இல்லை. பதர் களத்தில் தூற்றும்போது காற்றில் பறப்பது. நல்ல விளைச்சலிலும் கொஞ்சம் பதர் உண்டு. சாவி வயலில் நிமிர்ந்து நிற்பது. அறுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டு நிற்கும் பயிர். பையன் அளந்து எழுதியிருந்தான். நான் அளவு தெரியாமல் அடித்திருந்தேன்.

தொகுதியை மூடி வைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை என்பது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் வகுப்பில் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். கரும்பலகைக்கு முன்னால் நின்றதும் வரவில்லை. தமிழய்யாவுக்குத் தெரியாத தமிழ் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும் என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் சொல்ல வேண்டும். அது பயம். வேறு பெயர் வைக்க மாட்டேன். தேர்வு வரட்டும், முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். ஆண்டு முடிந்துவிட்டது.

இடையில் அவன் அப்பா வந்தார். பெற்றோர் கூட்டத்துக்கு. வேட்டியை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டு, வராந்தாவில் ஒதுங்கி நின்றார். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து கிட்டே வந்தார்.

“புள்ள சொன்னான்யா. எங்க ஊட்டுப் பேச்சு அது. நாங்க படிக்காத ஆளுங்க, தப்பா சொல்லிக் குடுத்துட்டோம் போலருக்கு. மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்கய்யா.”

நூலகத்துக்குப் போய் வந்த பிறகு நடந்தது இது. எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுச் சொல் சரி, நான்தான் தவறு என்று துல்லியமாகத் தெரியும். வெள்ளத்தில் ஒரு போகம் முழுக்கப் போன மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன். அதோடு விட்டேனா?

“பரவாயில்ல. இனிமே வீட்டுல நல்ல தமிழ்ல பேசுங்க.”

“சரிங்கய்யா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

படிப்பவர்களே, தீர்ப்புச் சொல்ல இந்த ஒரு வாக்கியம் போதும். ஆனால் இன்னும் இருக்கிறது.

மறு ஆண்டோ அதற்கு அடுத்த ஆண்டோ சிதம்பரத்தில் ஓர் இலக்கியக் கூட்டம். வட்டார வழக்கு பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். கரிசல் வட்டாரத்துக்குச் சொல்லகராதி தொகுத்த கி.ரா.வைப் பற்றிப் பேசினேன். நம் மாவட்டத்தின் கண்மணி குணசேகரன், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே நடுநாட்டுச் சொல்லகராதி தொகுத்ததைப் பேசினேன். நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் வாங்கிய அந்த நூல் என் அலமாரியில் இருந்தது. முதுகட்டையைத் தவிர அதிகம் பார்த்ததில்லை. பிறகு 'சாவி' என்ற சொல்லை எடுத்தேன். திறக்கிற சாவி வந்தது, செத்த பயிரின் சாவி நம்முடையது, எத்தனை அழகான சொல், நம் உழவர்கள் வாயில் உயிரோடு இருக்கிறது என்று விரித்தேன். கை தட்டினார்கள். பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கள ஆய்வில் கண்டெடுத்ததுபோலப் பேசினேன். அவனிடமிருந்து பறித்து, அவனை அடித்து, பிறகு அதையே என் உடைமையாக மேடையில் காட்டினேன்.

அவனுக்கு என்ன ஆயிற்று? மதிப்பெண்ணைக் கேட்டால் ஒன்றும் ஆகவில்லை. பத்தாம் வகுப்பில் தமிழில் நன்றாகவே வாங்கினான். அதுவும் என் கணக்கில்தான் சேர்ந்தது. ஆனால் அந்தக் கட்டுரைக்குப் பிறகு அவன் நோட்டில் வயல் வரவில்லை. அப்பா வரவில்லை. உரைநூலில் இருந்த வாக்கியங்களைப் பிழையில்லாமல் எழுதினான். கோடைக்காலம் பற்றி, நூலகம் பற்றி, எதைப் பற்றி எழுதினாலும் யார் எழுதியது என்று தெரியாத எழுத்து. அதற்கு நான் முழு மதிப்பெண் போட்டேன். 'நல்ல முன்னேற்றம்' என்று கீழே குறிப்பு வேறு.

அவன் பெரிய எழுத்தாளனாக வந்திருப்பான், நான் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அது என் குற்றத்துக்கு நானே போட்டுக்கொள்ளும் மாலை. இழப்பு அதைவிடச் சின்னது, அதைவிட நிச்சயமானது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதலாம் என்று பதினான்கு வயதில் ஒருவனுக்கு இருந்த நம்பிக்கை போயிற்று. அவனுக்கு மட்டும் போகவில்லை. அன்று சிரித்தவர்களும் பாடம் கற்றுக்கொண்டார்கள். வீட்டில் பேசும் சொல்லை நோட்டில் எழுதினால் எழுந்து நிற்க வேண்டியிருக்கும் என்பது அந்தப் பாடம். அதன் பிறகு அந்த வகுப்பில் எந்த நோட்டிலும் எனக்குத் தெரியாத ஒரு சொல்லும் வரவில்லை. அதைத் தேர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

நூறு விழுக்காடு தேர்ச்சி கேட்டு மேலிருந்து வந்த நெருக்கடி, நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், பாடத்திட்டம் முடிக்க வேண்டிய அவசரம் என்று காரணங்கள் இருக்கின்றன. எல்லாம் உண்மையும்தான். ஆனால் 'பூட்டு எங்கடா' என்று கேட்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இது பாதி வாக்குமூலம். அன்றைய சிரிப்பு அன்றோடு முடியவில்லை. மைதானத்தில் 'டேய் சாவி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் காதில் விழுந்தது. தடுக்கவில்லை. தடுத்தால் விளக்க வேண்டியிருக்கும். பெயர் ஒட்டிக்கொண்டது. அழிந்துபோன அவர்கள் வீட்டுப் பயிரின் பெயர் அவனுக்கே பெயராயிற்று. அந்த வகுப்புப் பிள்ளைகள் இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து வரும். அவன் ஒரகடத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான். 'சாவி, பொங்கலுக்கு ஊருக்கு வரியாடா?' என்று கேட்பார்கள். அவன் ஒரு சிரிப்புப் படம் போடுவான். எனக்கும் வாழ்த்து அனுப்பியிருக்கிறான். 'வணக்கம் அய்யா' என்று. கட்டைவிரல் படம் ஒன்றை நான் பதிலுக்குப் போட்டேன்.

இந்தக் கட்டுரையை அந்தக் குழுவில் போடப் போகிறேன். பெயர் சொல்லாவிட்டாலும் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் நேரில் சொல்ல வேண்டியதை நேரில் போய்ச் சொல்வேன். அதை இங்கே எழுதிக் காட்டப் போவதில்லை. அன்று வகுப்பில் இருந்த மற்றவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிரிக்க வைத்தவன் நான், நீங்கள் பிள்ளைகள். ஆனால் இப்போது நீங்கள் பிள்ளைகள் இல்லை. இன்று முதல் அவனை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.